களஞ்சியத்தைத் துடைத்தது குற்றமல்ல

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நிறுவனத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் உருத்திரபுரத்துக்கு என் வீடு தேடி வந்தார்கள். பழைய சேர்வரைக் கழற்றியாகிவிட்டதாம். இனி எல்லாம் வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த இடத்தில் நடக்குமாம். அந்தச் சேர்வரைப் பன்னிரண்டு வருடம் பார்த்தவள் என்ற முறையில் நான் எழுத வேண்டும் என்றார்கள். "அக்கா, வசதி இல்லாமல் எப்பிடிச் சமாளிச்சனீங்கள் எண்டு கொஞ்சம் சிரிப்பா எழுதுங்கோ" என்றார் ஒருவர். நானும் ஓம் என்றேன்.

பழையது ஞாபகம் வர உதவும் என்று, புதிதாகச் சேருபவர்களுக்குக் காட்டும் பயிற்சி ஸ்லைட்டுகளையும் அனுப்பி வைத்தார்கள். பதினோராவது ஸ்லைட் வரை பார்த்தேன். அதில் சிவப்பு எழுத்தில் இப்படி இருந்தது: "அனுமதியின்றிக் களஞ்சியத்தை அழித்ததால் வாடிக்கையாளருக்கு ஏற்பட்ட பாதிப்பு. ஊழியர்: எஸ்., கனிஷ்ட பொறியியலாளர்." பக்கத்தில் ஒரு குப்பைத்தொட்டிப் படம்.

அது பொய். பொய்யென்று தெரிந்தவர்கள் நாலு பேர். அதில் நான் ஒருத்தி. ஆகவே சிரிப்பாக எழுதுவதற்கு வேறு யாரையும் பிடியுங்கள்.

என்னைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. தட்டச்சுப் படித்தேன். இடம்பெயர்ந்து வவுனியாவில் இருந்தபோது கணினி படித்தேன், பிறகு அதையே ஒரு பயிற்சி நிலையத்தில் படிப்பித்தேன். கிளிநொச்சிக்குத் திரும்பி வந்த பிறகு, ஏ-ஒன்பது வீதியில் ஒரு இரும்புக்கடையின் மேல்மாடியில் மென்பொருள் நிறுவனம் தொடங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கோட் எழுத வந்தவர்கள் எல்லோரும் என்னைவிட இருபது வயது இளையவர்கள். சேர்வரைப் பார்க்க ஆள் இல்லை. அதில் பெயர் இல்லை, பாராட்டு இல்லை. ஓடினால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள், நின்றால் எல்லோரும் கத்துவார்கள். அந்த வேலையை எனக்குத் தந்தார்கள்.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்தக் காலத்தில் ஒருவரும் மென்பொருளை முழுதாகத் தாங்களே எழுதுவதில்லை. திகதி கணக்கிட ஒரு பொதி, படம் காட்ட ஒரு பொதி என்று உலகத்தில் யார் யாரோ எழுதி வைத்த பொதிகளை இணையத்திலிருந்து எடுத்து, நம்முடைய கோட்டோடு சேர்த்துக் கட்டுகிறோம். ஒவ்வொரு தடவை கட்டும்போதும் எல்லாப் பொதியையும் புதிதாக இறக்குவதென்றால் எங்கள் லைனுக்கு அது முடியாத காரியம். பரந்தன் பக்கம் யாராவது வீதியைக் கிண்டினால் எங்கள் இணையம் செத்துவிடும். ஆகவே ஒரு தடவை இறக்கியதைச் சேர்வரில் ஓரிடத்தில் வைத்துக்கொண்டு நாற்பது பேரும் அதிலிருந்து எடுப்போம். அதற்குக் கேஷ் என்று பெயர். நாங்கள் களஞ்சியம் என்போம்.

முதல் வருடமே அடி வாங்கினேன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பொதியை இறக்கினார்கள். பாதியில் லைன் போய்விட்டது. பாதிப் பொதி முழுப்பெயரோடு களஞ்சியத்தில் உட்கார்ந்துவிட்டது. பிறகு வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பாதியை எடுத்தார்கள். மூன்று நாட்கள் ஆளுக்காள் சண்டை. "உன்ர கோட் பிழை", "உன்ர மூளை பிழை" என்று. அதற்குப் பிறகு நான் சட்டம் போட்டேன். வெளியிலிருந்து வரும் பொதி முதலில் தற்காலிகப் பெயரோடு முன்னறையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு பொதிக்கும் அதை எழுதியவர்கள் ஒரு நீண்ட இலக்கம் கொடுத்திருப்பார்கள், மனிதருக்குக் கைரேகை மாதிரி. அந்த ரேகை சரியாக இருந்தால்தான் உண்மைப் பெயரோடு உள்ளே போகலாம். களஞ்சியத்துக்குள் எழுதும் உரிமை சேர்வருக்கு மட்டும். மற்ற எல்லோரும் வாசிக்கலாம், எடுக்கலாம், தொடக்கூடாது.

டிஸ்க் நிரம்பும். அதைத் துப்புரவாக்குவது வெள்ளிக்கிழமைப் பின்னேர வேலை. மூன்று மாதமாக ஒருவரும் எடுக்காத பொதிகளைப் பட்டியல் போடுவேன். உடனே அழிக்க மாட்டேன். பக்கத்தில் ஒரு அடைவுக்கு மாற்றுவேன். இரண்டு கிழமை, அதாவது பதினாலு நாள், பொறுப்பேன். ஒருவரும் கத்தாவிட்டால்தான் அழிப்பேன். ஒவ்வொன்றும் சி.ஆர். கொப்பி என்ற தடித்த மட்டைக் கொப்பியில் ஏறும்: திகதி, நேரம், செய்தது, காரணம், கையெழுத்து. கணினி நிறுவனத்தில் கையெழுத்துக் கொப்பியா என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். கரண்ட் போனாலும் கொப்பி திறக்கும்.

இனி ரமணன் சேர்.

அவர் எங்கள் முகாமையாளர். கெட்டவர் என்று எழுத எனக்கு ஆசைதான். எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். அந்த மேல்மாடியில் நாலு கணினியோடு தொடங்கி நாற்பது பேருக்கு வேலை கொடுத்தவர். ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் ஆளைத் தன் அறைக்குக் கூப்பிட மாட்டார். தானே வந்து எங்கள் கதிரைக்குப் பின்னால் நின்று, கதிரைச் சாய்வில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, சாப்பாட்டை விசாரிப்பார். அவர் சாப்பாட்டை விசாரித்தால் எங்கோ ஒரு பூட்டைத் திறக்கச் சொல்லப் போகிறார் என்று எனக்கு அனுபவத்தில் தெரியும்.

"அக்கா, சாப்பிட்டாச்சோ?"

"ஓம் சேர்."

"என்ன கறி?"

"கத்தரிக்காய்."

"நல்லது. அக்கா, களஞ்சியத்தில எனக்கும் எழுதுற உரிமையை ஒருக்கால் தாங்கோவன்."

"சேர், ஒருத்தருக்கும் குடுக்கிறேல்லை எண்டு நீங்களும்தானே கையெழுத்து வைச்சனீங்கள்."

"சட்டம் பெடியளுக்கு அக்கா." சிரித்தார். "ஒரு மணித்தியாலம் போதும்."

கொடுத்தேன். ஒரு வரி அடித்தால் போதும், கதவு திறந்துவிடும். ஒரு மணித்தியாலம் கழிந்தது, ஒரு நாள் கழிந்தது, ஒரு மாதம் கழிந்தது. "சேர், பூட்டட்டோ?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கொப்பியிலும் எழுதவில்லை. முகாமையாளரிடம் கொப்பியை நீட்டிக் கையெழுத்துக் கேட்பதா?

கொப்பியில் அவருடைய பெயர் ஏன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மூத்த பொறியியலாளர் அன்சார், முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளை, ஒரு தடவை காரணம் என்ற இடத்தில் "சேர் சொன்னவர்" என்று எழுதினார். ரமணன் சேர் அதைப் பார்த்தார். "என்னக்கா, எனக்கு எதிரா வழக்கு எழுதுறியளோ?" என்று கேட்டுச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அடுத்த நாளே நான் எல்லோருக்கும் சொன்னேன்: "சேர் சொன்னது, அவர் சொன்னது எண்டு எழுத வேண்டாம். செய்ததை மட்டும் எழுதுங்கோ." அப்படிச் சட்டம் போடும்படி அவர் கேட்கவில்லை. கேட்காமலே செய்ய வைப்பதுதான் அவருடைய திறமை. கேட்காமலே செய்வதுதான் எங்கள் வியாதி.

சுகிர்தா இதற்குப் பிறகு வந்தவள். அவள்தான் ஸ்லைட்டில் உள்ள "எஸ்." கண்டாவளைப் பக்கம். தாயும் தகப்பனும் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். தகப்பன் மற்றவர்களுடைய வயலில் கூலிக்குப் போகிறவர். வவுனியாவில் பட்டம் படித்துவிட்டு வந்தாள். வாய் கொஞ்சம் நீளம். எனக்கு அது பிடிக்கும். ஒரு பொதியை இறக்கினால் அதற்குத் தேவையான வேறு பொதிகளும் பின்னால் வரும், அவற்றுக்குத் தேவையானவையும் வரும். முதல் கிழமையே அதைப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, கலியாண வீட்டுக்கு ஒராளைக் கூப்பிட்டா வான் பிடிச்சு ஊரே வருது" என்றாள். சேர்வர் வேலையைக் கேவலமாக நினைக்காத ஒரே பொறியியலாளர் அவள். நான் லீவு போட்டால் களஞ்சியம் அவளுடைய பொறுப்பு.

வலது கண்ணில் வெள்ளை படர்ந்து ஒப்பரேசனுக்கு வவுனியா போனேன். நான் இல்லாத ஒரு புதன்கிழமை டிஸ்க் நிரம்பிவிட்டது. அன்றைக்குத்தான் ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் புதிய பதிப்பு அனுப்ப வேண்டிய நாள். அவர்கள் முதியவர்களை வீட்டிலிருந்து வைத்தியசாலைக்கு வானில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள். எந்த நாள், எந்த வீடு, எந்த வான் என்பதை எங்கள் மென்பொருள்தான் சொல்லும். மென்பொருளைக் கட்டும் வேலை, எங்கள் பாஷையில் கட்டுமானம், பாதியில் நின்றுவிட்டது. சுகிர்தா எனக்கு எடுத்தாள். என் தொலைபேசி நிறுத்தியிருந்தது. கொழும்பில் இருந்த ரமணன் சேருக்கு எடுத்தாள். அன்சார் பக்கத்துக் கதிரையில் இருந்தார். சேர் சொன்னது அவருக்கும் கேட்டது.

"எல்லாத்தையும் துடையும் தங்கச்சி. கேஷ்தானே, திரும்ப வரும்."

"எல்லாத்தையுமோ சேர்? பழசை மட்டும் எடுத்தாப் போதாதோ?"

"நேரம் இல்லைத் தங்கச்சி. துடைச்சுப்போட்டுக் கட்டும்."

துடைத்தாள். கொப்பியில் எழுதினாள்: "களஞ்சியம் முழுவதும் துடைக்கப்பட்டது. காரணம்: டிஸ்க் நிரம்பியது." நேரம் போட்டாள், கையெழுத்து வைத்தாள். சொன்னவர் பெயரை எழுதவில்லை. எழுதக்கூடாது என்பது என் சட்டம்.

பின்னேரம் முழுதும் அந்த லைனில் பொதிகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன. கட்டுமானம் முடிந்தது. பிழை என்று ஒரு சிவப்புக் குறி இல்லை. அனுப்பினார்கள்.

அடுத்த கிழமை அந்த நாட்டில் வான்கள் எல்லாம் ஒரு நாள் முந்திப் போய் வீடுகளுக்கு முன்னால் நின்றன. ஒருவரும் ஆயத்தமில்லை என்று திரும்பிவிட்டன. சரியான நாளில் முதியவர்கள் குளிருக்குக் கோட் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள். வான் வரவில்லை. சிகிச்சை தவறியவர்களும் இருந்தார்கள். வாடிக்கையாளர் எழுதிய மின்னஞ்சலில் மரியாதை மருந்துக்கும் இல்லை. அதில் பிழை சொல்ல மாட்டேன்.

ரமணன் சேர் ஒரு மணித்தியாலத்துக்குள் பதில் எழுதினார். கனிஷ்ட ஊழியர் ஒருவர் அனுமதியின்றிக் களஞ்சியத்தை அழித்ததால் வந்த கோளாறு, ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்படுகிறது என்று. பிறகு கூட்டம் வைத்தார். அவர் அங்கே சொன்னதை அன்சார் எனக்குச் சொன்னார்: "பழசைத் துடைக்கச் சொன்னனான் தங்கச்சி, எல்லாத்தையும் எண்டு சொல்லேல்லையே." கொப்பியைத் திறந்து பார்த்தார்கள். அவர் சொன்னதாக அதில் ஒன்றும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த அன்சாரும் வாயைத் திறக்கவில்லை. நிர்வாகப் பகுதியில் இருந்த ஒருவர், மலையகத்தாரைக் குத்தி, "உவங்கட சனத்துக்கு எப்பவும் ஒரு அவசரம்" என்று சொன்னாராம். அவர் யாரென்று எழுதி அவருக்கு ஒரு பெருமை தேடிக் கொடுக்க மாட்டேன். எங்கள் மேல்மாடியில் அப்படிப்பட்ட வாய்கள் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. மலரில் படம் போடும்போது அவர்கள்தான் முன்வரிசை.

சுகிர்தாவிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். எழுதினால் வேலையில் வைத்திருப்பதைப் பற்றி மாத முடிவில் யோசிப்பதாகவும், எழுதாவிட்டால் இன்றே போகலாம் என்றும் சொன்னார்கள். எழுதினாள். "அனுமதியின்றி" என்ற சொல்லை அவர்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

களஞ்சியத்தைத் துடைத்த ஒன்பதாம் நாள் நான் கறுப்புக் கண்ணாடியோடு போய்ச் சேர்ந்தேன். திரையைப் பார்க்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். சுகிர்தா தன் மேசையில் தலை குனிந்தபடி இருந்தாள்.

"என்ன பிள்ளை எழுதிக் குடுத்தனீர்?"

"பிழை என்ரதுதான் அக்கா."

"ஏன் எழுதினீர்?"

"நான் துடைச்சன், உடைஞ்சுது. வேற என்னண்டு யோசிக்கிறது?"

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கும் இறங்காத கோபம். களஞ்சியம் என்றால் என்ன? துடைத்தால் திரும்ப வருவது. அதுதான் அதனுடைய ஒரே வரைவிலக்கணம். இணையத்தில் உள்ளதன் பிரதியைத்தான் நாங்கள் வைத்திருக்கிறோம். அதைத் துடைத்தால் நேரம் வீணாகலாம், லைன் திணறலாம். பொருள் மாறக்கூடாது. மாறினால் துடைத்தவளைக் கேட்கக்கூடாது. திரும்ப வர முடியாத ஒன்றை அதற்குள் வைத்தவன் யார் என்று கேட்க வேண்டும். நாற்பது பேர் இருந்த கட்டிடத்தில் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. பெட்டைப் பிள்ளை, கண்டாவளைப் பிள்ளை, பேச ஆளில்லாத பிள்ளை. கேள்வி எதற்கு?

என்னிடம் ஒன்று இருந்தது. அதற்கு முந்திய வருடம் டிஸ்க் மாற்றியபோது பழையதைப் பத்திரிகைத் தாளில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருந்தேன். அன்றைய களஞ்சியம் முழுதும் அதில் அப்படியே இருந்தது. அன்சாரைக் கூப்பிட்டேன். "என்ர கண் சரியில்லை. நீங்கள் இருந்து பாருங்கோ. பழைய டிஸ்க்கில இருக்கிற பொதியையும் இப்ப வந்த பொதியையும் ஒவ்வொண்டா ஒப்பிடுங்கோ. ஒரே பதிப்பெண்டா உள்ளுக்க ஒரு புள்ளியும் மாறியிருக்கக்கூடாது."

சுகிர்தா முதலில் கிட்ட வரவில்லை. பிறகு ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து அன்சாருக்குப் பக்கத்தில் இருந்தாள். ஒப்பிடும் கட்டளையை அவள்தான் எழுதினாள். ஆயிரக்கணக்கான பொதிகள். ஒன்றும் மாறவில்லை, ஒன்றும் மாறவில்லை என்று ஓடிக்கொண்டே போனது. தேத்தண்ணி வந்து ஆறியது. கடைசியில் ஒன்று மாறியிருந்தது. திகதியைக் கையாளும் பொதி. அதற்குள் ஒரே ஒரு கோப்பு. அந்தக் கோப்பில் ஒரே ஒரு வரி.

அந்த நாட்டு நேரத்துக்கும் எங்கள் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் நேரமில்லாமல் நாள் மட்டும் போட்டு, கணினி நள்ளிரவு என்று எடுத்துக்கொண்ட முன்பதிவு முந்திய நாளுக்குப் போய்விழும். அது அந்த மென்பொருளில் பழைய பிரச்சினை. யாரோ எங்கள் கோட்டில் அதைத் திருத்தாமல், களஞ்சியத்துக்குள் கை விட்டு, அந்நியன் எழுதிய பொதியில் ஒரு வரியை மாற்றி வைத்திருந்தார்கள். ரேகை பார்ப்பது பொதி வெளியிலிருந்து உள்ளே வரும்போது மட்டும்தான். உள்ளிருந்து எடுக்கும்போதும் பார்த்தால் கட்டுமானம் மெதுவாகும் என்று விட்டிருந்தோம். ஆகவே ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டு வருடமாக அந்த மென்பொருள் சரியாக ஓடியது களஞ்சியத்துக்குள் இருந்த அந்தக் கள்ள வரியால். துடைத்ததும் சுத்தமான பொதி வந்தது. சுத்தமான பொதியோடு பழைய பிழையும் வந்தது.

அன்சார் எழும்பி எனக்கு இடம் விட்டார். "அக்கா, கண்ணாடியைக் கழட்டிப்போட்டு இதை ஒருக்கால் பாருங்கோ."

கோப்பை மாற்றிய பயனர் பெயர் அதில் இருந்தது. ரமணன்.

சுகிர்தா திரையை விட்டுத் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள். "அவருக்கு எழுதுற உரிமை என்னண்டு வந்தது அக்கா?" என்று கேட்டாள்.

நான் ரமணன் சேரின் அறைக்குப் போனேன். அன்றைக்கு நான் போய் அவருடைய கதிரைக்கு முன்னால் நின்றேன்.

"கண் எப்பிடி அக்கா? சாப்பிட்டாச்சோ?"

"இல்லை சேர். சாப்பிடேல்லை."

தாளில் அச்செடுத்து வந்ததை வைத்தேன். நீண்ட நேரம் பார்த்தார். அவருடைய முகம் வெளிறியதை நான் கண்டேன். அவர் உண்மையிலேயே மறந்திருந்தார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"அந்தக் கிழமை கஸ்டமர் நெருக்கினவங்கள் அக்கா. பிறகு ஒழுங்காச் செய்வம் எண்டு விட்டனான். மறந்துபோனன்."

"சரி சேர். மறந்தது மனுசத்தனம். பிள்ளையின்ர கடிதத்தைக் கிழியுங்கோ. கஸ்டமருக்கும் மாத்தி எழுதுங்கோ."

"எழுதினா எங்களை ஆர் பிறகு நம்புவினம்? நாப்பது பேற்ற வேலை இருக்கு." குரல் உயரவில்லை. "சுகிர்தாவின்ர வேலை போகாது, அதுக்கு நான் பொறுப்பு. கடிதம் கோப்புக்குள்ள ஒரு மூலையில கிடக்கட்டுமன். ஆர் பாக்கப் போகினம்?"

"கிடக்கக்கூடாது சேர்."

"அப்ப எல்லாத்தையும் விசாரிக்க வேண்டி வரும் அக்கா. எனக்கு அந்த உரிமையைத் தந்தது ஆர், ஏன் கொப்பியில இல்லை எண்டும் கேப்பினம்." தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, "உங்களுக்கும் ஓய்வுக்கு இன்னும் ஆறு வருசம் இருக்குத்தானே" என்றார்.

நான் வாயை மூடினேன்.

இந்த வரியை எழுதுவதற்குத்தான் எனக்கு இவ்வளவு பக்கம் தேவைப்பட்டது. மலர்க் குழுவினர் இதை வெட்டினால் மற்றதையும் போட வேண்டாம். நான் வாயை மூடிக்கொண்டு, அந்தத் தாளைத் திரும்ப எடுத்து மடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சுகிர்தா படிக்கட்டில் நின்றாள்.

"வேலை இருக்குமாம் பிள்ளை. சேர் பொறுப்பெடுக்கிறார்."

"கடிதம்?"

"அது... கோப்புக்குள்ள கிடக்கட்டுமாம்."

"கிடக்கட்டுமாமோ?" அவள் சிரித்தாள். "களஞ்சியத்தை ஒரு சொல்லில துடைக்கச் சொன்னவருக்கு ஒரு கடிதத்தைத் துடைக்கேலாமல் இருக்கு. நீங்களும் அதைக் கேட்டுக்கொண்டு இறங்கி வாறியள்."

மாத முடிவில் தானே விலகல் கடிதம் கொடுத்தாள். ஒரு வரிக் கடிதம். பிரியாவிடைக்குக் கேக் வெட்டினார்கள். அவள் வரவில்லை. நான் கேக் சாப்பிட்டேன்.

அன்றைக்குப் பின்னேரமே ரமணன் சேரின் எழுதும் உரிமையைப் பறித்தேன். களஞ்சியத்திலிருந்து எடுக்கும்போதும் ரேகை பார்க்க வைத்தேன். கட்டுமானம் மெதுவாகிறது என்று கத்தினார்கள். கத்தட்டும் என்று விட்டேன். கொப்பியில் இன்னொரு நிரல் போட்டேன்: "சொன்னவர்". அது வெறுமையாக இருந்தால் வேலை நடக்காது. அவர் அதற்குப் பிறகு ஒரு நாளும் என் கதிரைக்குப் பின்னால் வந்து நிற்கவில்லை. ஆறு வருடத்தில் ஒரு தடவைகூடக் களஞ்சியத்தால் ஒரு பதிப்பும் கெடவில்லை. நான் ஓய்வு பெற்றபோது அதைத்தான் சொல்லி மாலை போட்டார்கள். மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டேன். அதுவும் ஒரு கேக்தான்.

இப்போது ஏன் எழுதுகிறேன்? அந்த ஸ்லைட் மட்டும் காரணமல்ல. அதைப் பார்த்த பிறகு சுகிர்தாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். கலியாணம் கட்டி, இரண்டு பிள்ளைகள், இவ்வளவு காலமும் வீட்டிலிருந்து சின்னச் சின்ன வேலைகள் செய்து கொடுத்து வந்திருக்கிறாள். இப்போது வவுனியாவில் ஒரு நல்ல இடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். நேர்முகம் எல்லாம் முடிந்துவிட்டது. அவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு எடுத்து விசாரித்திருக்கிறார்கள். இங்கே யாரோ ஒருவர் கோப்பைத் திறந்து, அந்தக் கடிதத்தைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியிருக்கிறார். ஒரு மூலையில் கிடக்கட்டும், யார் பார்க்கப் போகிறார்கள் என்ற அதே கடிதம். வவுனியாக்காரர் இன்னும் முடிவு சொல்லவில்லை.

"நான் இதை எழுதப்போறன் பிள்ளை. உம்மட பேரைப் போடட்டோ?"

"போடுங்கோ. ஸ்லைட்டில ஒரு எழுத்துத்தானே போட்டிருக்கிறாங்கள். நீங்கள் முழுசாப் போடுங்கோ."

"கோபமோ?"

"உங்களோடயோ?" குசினியில் ஏதோ தாளிக்கிற ஓசை கேட்டது. "ஓம். ஆனாலும் எழுதுங்கோ."

ரமணன் சேர் இப்போது பணிப்பாளர் சபையில் இருக்கிறார். இதை முதலில் வாசிப்பவர் அவராகத்தான் இருப்பார். சேர், நான் ஓய்வு பெற்றாகிவிட்டது, இனி எனக்குக் காட்டிப் பயமுறுத்த உங்களிடம் ஒன்றும் இல்லை. அந்தப் பழைய டிஸ்க் திரும்பவும் பத்திரிகைத் தாளில் சுற்றியபடி அலுமாரிக்குள் இருக்கிறது. இந்தத் தடவை என் வீட்டு அலுமாரி.

மலர்க் குழுவினருக்கு: இது மலருக்குப் பொருந்தாது என்று நீங்கள் சொல்வீர்கள். பரவாயில்லை. பதினோராவது ஸ்லைட்டை எடுங்கள். சுகிர்தாவின் கோப்பிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இந்தத் தாள்களை வையுங்கள். வவுனியாக்காரர் திரும்பத் தொலைபேசி எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நீங்களே எடுத்து அவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். முழுதும் வாசிக்க நேரமில்லாவிட்டால் கீழே உள்ளதை மட்டும் வாசித்தால் போதும். அன்றைக்குக் கொப்பியில் ஏறியிருக்க வேண்டிய பதிவு இது.

செய்தது: களஞ்சியம் முழுவதும் துடைக்கப்பட்டது. காரணம்: டிஸ்க் நிரம்பியது. செய்தவர்: சுகிர்தா. சொன்னவர்: ரமணன் சேர். பொதிக்குள் கை வைத்திருந்தவர்: ரமணன் சேர். அவருக்குக் கதவைத் திறந்துவிட்டுப் பூட்டாமல் இருந்தவள், தெரிந்த பிறகும் பேசாமல் இருந்தவள்: நான்.

கையெழுத்து வைத்திருக்கிறேன்.